ஏரிக்கரைகளுக்கு ஒரு வேன்: தென்சென்னையில் ஒருநாள் பறவைப் பயணம், வரவு செலவோடு

தலைக்கு 2,400 ரூபாய். விடிவதற்கு முன் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ஏற்றிக்கொண்டு, இருட்டியதும் அதே இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, குடிதண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். கேட்டால் பைனாகுலர் தருவார்கள். குழுவுக்கு முக்காலியில் நிற்கும் ஸ்கோப் (தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் தொலைநோக்கி) ஒன்று, கூடவே வழிகாட்டி ஒருவர். பெரும்பாக்கம் சதுப்பு நிலம், கேளம்பாக்கம் உப்பளங்கள், தையூர் ஏரி, சிறுதாவூர் என்று நாலு இடங்கள். பட்டியலில் வேடந்தாங்கல் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

வேடந்தாங்கல்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூடு கட்டும் காலத்தில் அதைப்போல ஒரு காட்சி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் நாரைகளைவிட செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம். சென்னைக்காரர்களுக்குப் பறவை என்றால் வேடந்தாங்கல், அதை விட்டால் பள்ளிக்கரணை. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், நல்லதுதான். அதே வாத்துகள் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சின்ன ஏரிகளிலும் இறங்குகின்றன. அங்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

சேவையின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும் அல்லவா? இந்த மாதிரி ஒருநாள் பயணம் நடத்துகிறவர்கள் நகரத்தில் பலர் இருக்கிறார்கள். யாரோடு போனாலும் எதைக் கேட்டுப் பதிவு செய்வது என்று தெரிந்துகொள்ள இது உதவும். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நங்கநல்லூர்வாசி, முழங்கால் வலி உண்டு. கூட வந்தது என் நாத்தனார். அவளுக்குக் காக்கை, மைனா, கிளியைத் தாண்டிப் பெயர் தெரியாது. ஆக, தெரிந்தவள் ஒருத்தி, தெரியாதவள் ஒருத்தி என்று இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் வழிகாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு அவருக்குத்தான் தகும். முப்பது வயதுக்குள் இருப்பார், சோழிங்கநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. பறவைப் பெயர் சொல்ல இன்று ஆள் தேவையில்லை, போனில் இருக்கும் செயலியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறது. அவரிடம் இருப்பது தண்ணீர்க் கணக்கு. முந்தின நாள் சாயங்காலமே பைக்கில் போய் ஒவ்வொரு ஏரியிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஏரி நிறைந்திருந்தால் பறவையும் நிறைந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓயும்போது ஏரிகள் விளிம்பு வரை நிற்கும். அந்த ஆழத்தில் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்குத்தான் கொண்டாட்டம். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு ஈரச் சேறும் விரல் உயரத் தண்ணீரும் வேண்டும். பவளக்கால் உள்ளானுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், தலையை மட்டும் முக்கி மேயும் வாத்துகளுக்கு இன்னும் கொஞ்சம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் வற்ற வற்ற ஓரங்களில் சேறு வெளியே வரும், பறவைகள் வந்து கூடும். எந்த வாரம் எந்த ஏரி அந்தப் பக்குவத்துக்கு வருகிறது என்பது மழையையும் மதகையும் பொறுத்தது. புத்தகத்தில் கிடைக்காது. "போன வாரம் இங்க ஒண்ணும் இல்லைம்மா, இந்த வாரம் பாருங்க" என்று அவர் சொன்ன இரண்டு இடத்திலும் சொன்னபடியே இருந்தது.

பெரும்பாக்கத்துக்குப் போனபோது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். சாலையோரம் நின்றுதான் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், காற்று திரும்பினால் சாக்கடை வாடை. எதிரே அடுக்குமாடிகளில் விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆகாயத்தாமரையும் கோரையுமாக ஒரு நீர்ப்பரப்பு, அதில் அத்தனை உயிர். நீலத் தாழைக்கோழிகள் கோரைத் தண்டைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. அரிவாள் மூக்கன்கள் வரிசையாகச் சேற்றைக் குத்தின. இலைக்கோழி ஒன்று மிதக்கும் இலைகள்மேல் நடந்து வந்தது. இனப்பெருக்கக் காலத்து நீண்ட வால் இப்போது அதற்கு இல்லை, ஆனால் விரல்கள் இருக்கின்றனவே! ஸ்கோப்பில் பார்த்தால் பாதம் பாதி இலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. எடை பரவுவதால்தான் இலை முங்குவதில்லை.

அன்றைய காலையில் எனக்குப் பிடித்தது தட்டைவாயன் வாத்துகள். ஊசிவால் வாத்துகள் பக்கத்திலேயே இருந்தும் நான் இவற்றைவிட்டு நகரவில்லை. ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற விலா. பெண் முழுக்கத் தவிட்டு நிறம். அலகு மட்டும் இரண்டுக்கும் முகத்துக்குப் பொருந்தாத அளவில், மண்வெட்டிபோல முனையில் அகன்றிருக்கும். ஒரு பத்து வாத்து வட்டமாகச் சேர்ந்து, ஒன்றின் வாலை ஒன்று பிடிப்பதுபோல் சுற்றிச் சுற்றி நீந்தின. தலை நிமிரவே இல்லை. விளையாடுகின்றன என்றாள் நாத்தனார். வழிகாட்டி விளக்கினார்: முன்னால் போகும் வாத்தின் கால் அடித் தண்ணீரைக் கலக்கிவிடுகிறது, பின்னால் வருவது அதில் மேலே வரும் பூச்சி, விதை எல்லாவற்றையும் அலகின் ஓரத்தில் உள்ள சீப்பு மாதிரி வரிகளால் வடிகட்டித் தின்கிறது. எல்லோரும் ஒருவருக்கொருவர் முன்னால், எல்லோரும் ஒருவருக்கொருவர் பின்னால். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, லாரி புகைக்கு நடுவில் இப்படி ஒழுங்காகப் பந்தி நடத்துகின்றன.

அதைக் கலைத்தது எங்கள் குழுவில் வந்த ஒருவர். முழங்கை நீள லென்ஸ். கரையிலிருந்து சரிவில் இறங்கிப் போக ஆரம்பித்ததும் வட்டம் உடைந்து வாத்துகள் தள்ளிப் போய்விட்டன. நம் வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. "சார், மேல வந்துடுங்க. நீங்க இன்னும் இறங்கினா மொத்தமா எழுந்துரும். மத்தவங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்காங்க." மனிதர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார். நிறையப் பயணங்களில் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் சொன்னதுதான் சட்டம். இங்கே இல்லை, அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

அதே ஆள் வேனில் ஏறியதும் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். அங்கே பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது, படம் எடுக்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்த செய்தி. "ஆந்தைக்கும் கூட்டுக்கும் நான் கூட்டிட்டுப் போறதில்லை சார், பறவைச் சத்தத்தை ரெக்கார்டிங் போட்டுக் கூப்பிடறதும் இல்லை" என்று வழிகாட்டி முடித்துவிட்டார். பதிவு செய்யும்போது இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். கூட்டைக் கிட்டத்தில் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காலைப் பலகாரம் கேளம்பாக்கத்தில் ஒரு ஓட்டலில். பொங்கலும் வடையும் சூடாகவே இருந்தன, காபி இரண்டாவது தடவை கேட்டாலும் கொடுத்தார்கள். என் புகார் வேறு. விடிவதற்கு முன் கிளம்பியதிலிருந்து இதுவரை கழிப்பறைக்கு ஏற்பாடே இல்லை. இங்கேயும் இருந்தது ஒன்றுதான், சாவி கல்லாவில், முன்னால் வரிசை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் அழைத்துப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எங்கே நிற்போம், எத்தனை மணிக்கு நிற்போம் என்று முன்கூட்டியே சொன்னாலே போதும், அதற்கேற்பத் தண்ணீர் குடித்துக்கொள்வோம். திட்டத்தாளில் நாலு இடத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. இரண்டு பக்கமும் உப்பங்கழியும் உப்பளப் பாத்திகளும். வேனை நிறுத்தியதும் எல்லோரும் தெற்குப் பக்கம் ஓடினோம், அங்கேதான் கூட்டம் தெரிந்தது. வழிகாட்டி வடக்குப் பக்கம் கூப்பிட்டார். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகிறது. தெற்கே பார்த்தால் தண்ணீர் கண்ணைக் கூசும், பறவை எல்லாம் கறுப்பு நிழல். வடக்கே பார்த்தால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கத்திலிருந்து பறவைமேல் விழும், கால் நிறம் வரைக்கும் தெரியும். ஐந்து நிமிஷம் நின்றதும் புரிந்தது.

பூநாரைகள் நாற்பது சொச்சம் இருந்தன. "என்ன அண்ணி, வெள்ளையாத்தானே இருக்கு? ரோஸ் கலர்னு சொன்னீங்களே" என்றாள் நாத்தனார். நின்றால் அப்படித்தான், கொஞ்சம் அழுக்கு வெள்ளை. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். அப்போது பாத்தி வரப்பில் உப்பளத்து ஆள் ஒருவர் நடந்து வர, ஓரத்தில் நின்ற ஏழெட்டு மட்டும் ஓடிப்போய் எழும்பின. இறக்கை விரிந்ததும் உள்ளே அத்தனை சிவப்பும், ஓரத்தில் மைக் கறுப்பும். அவள் அதற்கப்புறம் பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

மேயும்போது அவை செய்வதைப் பார்க்கத்தான் ஸ்கோப் வேண்டும். ஒரே இடத்தில் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதிக்கின்றன, சேறு கலங்குகிறது. கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அலகின் மேல்பக்கம் தரையைப் பார்க்க வைத்துக்கொள்கின்றன. நாக்கை முன்னும் பின்னும் இழுத்துத் தண்ணீரை உள்ளே வாங்கி வெளியே தள்ளுகின்றன. ஸ்கோப்பில் தொண்டை துடிப்பது தெரிந்தது. இந்த ஸ்கோப் உண்மையிலேயே நல்ல சாதனம், ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று முறை வைத்து, முழங்கால் வலிக்காரிக்கு உயரத்தை இறக்கியும் கொடுத்தார்.

அவர்கள் தரும் பைனாகுலரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு வந்ததில் இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, பத்து நிமிஷத்தில் தலைவலி. மாற்றிக் கேட்டதற்கு வேறு இல்லை என்றார்கள். என் பழைய எட்டுக்கு நாற்பத்திரண்டு கைப்பையில் இருந்ததால் பிழைத்தேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும் அந்த அளவையே சொல்வேன். எட்டு மடங்குதான் பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கம் தெரியாது, விடியற்காலை வெளிச்சத்துக்கு 42 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். பன்னிரண்டு, இருபது மடங்கு என்று கடையில் சொல்வதை நம்பி வாங்கினால் கையில் பிடித்துப் பார்க்க முடியாது.

பத்து மணிக்கு மேல் உப்பளத்தில் இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆலாக்கள் தலைகுப்புற விழுந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தன. சின்ன உள்ளான்களைப் பிரித்துச் சொல்ல வழிகாட்டி அப்போதுதான் தொடங்கியிருந்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. நேரமாகிறது, தையூருக்குக் கிளம்புங்கள் என்று அலுவலகத்திலிருந்து. "அங்க தண்ணி ஃபுல்லா நிக்குது, இப்ப போய் ஒண்ணும் இருக்காது" என்று அவரே தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனாலும் போனோம். தாளில் நாலு இடம் என்று அச்சடித்துவிட்டார்களே!

தையூர் பெரிய ஏரி, அதைக் குறை சொல்லவில்லை. கோடையில் வற்றும்போது நிச்சயம் வேறு மாதிரி இருக்கும். நாங்கள் போனபோது உச்சிவெயில், கரை வரைக்கும் ஆழத் தண்ணீர், பட்டமரத்தில் நாலைந்து நீர்க்காகம், இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு ஒரு பாம்புத்தாரா. லென்ஸ்காரர் வேனைவிட்டு இறங்கவே இல்லை. நாத்தனார் கரையில் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேத்திக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. தண்ணீரை அறிந்தவர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டு, அவர் பேச்சைக் கேட்காமல் இடங்களின் எண்ணிக்கையை விற்கிறார்கள். இந்தச் சேவையின் குறை மொத்தமும் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

மதியச் சாப்பாடு திருப்போரூரில். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பொட்டலமாக. அளவு தாராளம், சாம்பார் சாதத்தில் உப்பு தூக்கல். வேனுக்குள்ளேயே சாப்பிடச் சொன்னார்கள், ஏ.சி. ஓடியதால் பரவாயில்லை. வேன் புதுசு, ஓட்டுநர் நிதானம். முதல் படிதான் ரொம்ப உயரம், ஒரு முக்காலி வைத்தால் தீர்ந்தது.

சிறுதாவூரில் மூன்றரை மணிக்கு இறங்கினோம். திருப்போரூரிலிருந்து உள்ளே போகும் ஊர். பக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்காலக் கல்வட்டங்கள் உண்டு, அந்த ஆர்வம் உள்ளவர்கள் கேட்டுப் போகலாம், எங்களுக்கு நேரம் இல்லை. ஏரியின் வற்றிய பகுதி, காய்ந்த புல், முட்புதர், நடுநடுவே பனைமரம். முதல் பார்வைக்கு வெறும் பொட்டல். கரையோடு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. பாதை சமதளம் என்பதால் கைத்தடி இருந்தால் சமாளிக்கலாம்.

மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருந்தது. பஞ்சுருட்டான்கள் கிளம்பிப் பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பின. நெட்டைக்காலி, வானம்பாடி எல்லாம் புல்லோடு புல்லாக இருந்தன, காட்டிக் கொடுக்காமல் என் கண்ணுக்குப் படவில்லை. அப்புறம் சிவப்புமூக்கு ஆள்காட்டிகள் கத்த ஆரம்பித்தன. நாங்கள் நெருங்கிவிட்டோம் என்று நினைத்து நின்றோம். "நம்மளைப் பார்த்து இல்லைம்மா, அங்க பாருங்க" என்றார் வழிகாட்டி. புல்வெளியின் மறுகோடியிலிருந்து பூனைப் பருந்து ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், இறக்கையை லேசாக வி வடிவத்தில் தூக்கி வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து வந்தது. இறக்கை அடிப்பதே தெரியவில்லை. கீழே புல்லையே பார்த்துக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. நெஞ்சுக்கூடு படபடவென்று அடித்தது எனக்கு.

எந்தப் பூனைப் பருந்து என்று உடனே சொல்ல வழிகாட்டி மறுத்துவிட்டார். இளசுகளில் இரண்டு வகை ரொம்பவும் ஒத்திருக்குமாம். லென்ஸ்காரர் எடுத்த படத்தைக் கேமராவில் பெரிதாக்கி, கழுத்தில் வெளிர் வளையம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, வெளிறிய பூனைப் பருந்தின் இளசு என்று எழுதிக்கொண்டார். காலையில் திட்டு வாங்கிய மனிதருக்கு அப்போது முகம் மலர்ந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்று சொல்லும் வழிகாட்டி கிடைப்பது அரிது, பார்த்ததற்கெல்லாம் ஒரு பெயர் சொல்லி வாயை அடைப்பவர்கள்தான் நிறைய.

வெளிச்சம் போகும்வரை அங்கேயே இருந்தோம், அலுவலகத்திலிருந்து போன் வரவில்லை. மறுநாள் காலை, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு தளத்தில் இடம் இடமாகப் பிரித்துப் பட்டியல் வந்துவிட்டது, மொத்தம் 71 வகை. தையூர்ப் பட்டியல் ஒரு விரற்கடை நீளம்.

காசுக்குத் தகுமா என்றால், ஏரி தெரியாதவர்களுக்கு, முதல் தடவை போகிறவர்களுக்குத் தாராளமாகத் தகும். சொந்தக் கார் வைத்திருந்து, பறவையும் ஓரளவு தெரிந்தவர்கள் பெரும்பாக்கத்தையும் கேளம்பாக்கத்தையும் தாங்களாகவே ஒரு காலையில் பார்த்துவிடலாம். சிறுதாவூருக்கு மட்டும் ஆள் துணையோடு போவது நல்லது. பதிவு செய்யும்போது குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எங்களோடு எட்டுப் பேர், அதற்கு மேல் ஒரு ஸ்கோப் தாங்காது. இடத்தை மாற்றும் உரிமை வழிகாட்டிக்கு உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் பணம் கட்டுமுன் யோசியுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், வழிகாட்டிக்கு மட்டும் கேட்டிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரியில் பழவேற்காட்டுக்கு ஒரு பயணம் போடுகிறார்கள். அண்ணாமலைச்சேரிப் பக்கம், ஒரே இடம், முழு நாள், இதே வழிகாட்டி. நாத்தனார் என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டாள். பொன்னேரியில் வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று நான் போன் பண்ணிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.